டப்புனு ஒரு சத்தம்: பாஸ்கெட்பால் முட்டியின் வரலாறு

ஆவடிப் பக்கத்துலேர்ந்து எழுதுறவன் வரலாற்றுப் பதிவு போட்டிருக்கானேன்னு, 1955 ஆவடி காங்கிரஸ் மாநாட்டைப் பத்தி இருக்கும்னு நெனச்சு வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். இது முட்டியைப் பத்தின பதிவு. அதுலயும் காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடுறவங்களோட முட்டி. கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

2001 மார்ச் மாசத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். நம்மாளுங்க கிட்ட 2001 மார்ச்னு சொன்னா உடனே ஈடன் கார்டன், லக்ஷ்மண் 281, டிராவிட், ஹர்பஜன்னு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அப்போ எல்.கே.ஜி. வயசு, அதனால எல்லாம் அப்புறம் யூடியூப்ல பார்த்ததுதான். அந்த டெஸ்ட் தொடங்கின அதே மார்ச் 11 அன்னிக்கு இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. புல்லேலா கோபிசந்த் சீனாவோட சென் ஹாங்கை 15-12, 15-6னு ஜெயிச்சு ஆல் இங்கிலாந்து பட்டம் வாங்கினார். 1980ல பிரகாஷ் படுகோன் வாங்கினதுக்கு அப்புறம் இந்தியாவுக்கு அதுதான். கோபிசந்தோட முட்டி 1994 புனே தேசிய விளையாட்டுல டபுள்ஸ் ஆடும்போது போய், ஆபரேஷன் பண்ணி, மறுபடி நடக்கவே பழகி வந்த முட்டி. நம்ம ஊரு பேப்பர்கள் கோப்பையைப் பத்தி எழுதின அளவுக்கு அந்த முட்டியைப் பத்தி எழுதல.

அதுக்கு சரியா அஞ்சு நாள் முன்னாடி, மார்ச் 6ஆம் தேதி, அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல ஸ்டோர்ஸ்ங்கிற சின்ன ஊர்ல ஒரு முட்டி போச்சு. நான் இன்னிக்கு சொல்ல வந்தது அந்த முட்டிக்குச் சொந்தக்காரரைப் பத்தித்தான். பேரு ஷே ரால்ஃப்.

ஷே ரால்ஃப் வட கரோலினாவுல ஃபயெட்வில் ஊர்க்காரர். அம்மா மார்ஷா, வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு 1970கள்ல ஆடினவர், 1975ல அகில அமெரிக்க அணியில தேர்வானவர். 1972ல தான் அமெரிக்காவுல டைட்டில் 9னு ஒரு சட்டம் வந்து, அரசு காசு வாங்குற கல்லூரி எதுவும் பொண்ணுங்களை ஒதுக்கி வைக்கக் கூடாதுன்னாங்க. அந்தக் கதவு திறந்தவுடனே உள்ள போன தலைமுறை அம்மா. அடுத்த தலைமுறை மகள். 1996ல கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். எல்லாரும் யூகான்னு செல்லமா சொல்ற அந்தப் பல்கலைக்கழகத்தோட பெண்கள் பாஸ்கெட்பால் அணியைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கிரிக்கெட்ல ஸ்டீவ் வா காலத்து ஆஸ்திரேலியா மாதிரி. கோச் ஜீனோ ஆரியெம்மா.

முதல் வருஷமே, 1997 மார்ச், தேசியப் போட்டியோட முதல் ஆட்டத்துல ரால்ஃபோட வலது முட்டி ஜவ்வு கிழிஞ்சுது. ஆபரேஷன். அதே வருஷம் கோடையில பயிற்சி பண்ணும்போது அதே முட்டி, அதே ஜவ்வு, மறுபடி. 1997-98 சீசன் முழுக்க பெஞ்சுல. நம்மள்ல பாதிப் பேர் இதோட மூட்டை கட்டியிருப்போம். அவங்க திரும்பி வந்தாங்க. 1999-2000 சீசன்ல யூகான் 37 ஆட்டத்துல 36 ஜெயிச்சு, பிலடெல்ஃபியாவுல டென்னஸியை 71-52னு தூக்கிப் போட்டு சாம்பியன் ஆச்சு. கடைசிக் கட்டத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது ஷே ரால்ஃபுக்கு. ரெண்டு தடவை ரிப்பேர் பார்த்த முட்டியோட.

இப்போ 2001 மார்ச் 6. பிக் ஈஸ்ட் தொடரோட ஃபைனல், எதிரணி நோட்ர டேம். நாட்டோட முதல் ரெண்டு அணிகள்னே சொல்லலாம். முதல் பாதியில, ரால்ஃப் கூடையை நோக்கி வேகமா போறாங்க, இடது காலை ஊன்றாங்க, கீழே விழறாங்க. இத்தனை நாள் நல்லா இருந்த இடது முட்டி. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு டாக்டர் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்ட சத்தம்.

ஆட்டம் என்னவோ பிரமாதம். கடைசி நொடியில சூ பேர்ட்ங்கிற பொண்ணு போட்ட பந்து உள்ள போய் 78-76னு யூகான் ஜெயிச்சுது. பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பால்ல மிகச் சிறந்த ஆட்டம்னு பல பேர் இதைச் சொல்றாங்க, தனியா ஒரு புத்தகமே வந்திருக்கு. ஆனா அந்த மாசக் கடைசியில இதே ரெண்டு அணியும் அரையிறுதியில மோதினப்போ, ரால்ஃப் இல்லாத யூகான் 90-75னு தோத்துது.

ஏப்ரல்ல டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்ட். யூட்டா ஸ்டார்ஸ் அணி 40ஆவது ஆளா ரால்ஃபை எடுத்துச்சு. ஒரு வருஷம் முன்னாடி நாட்டோட சிறந்த ஆட்டக்காரர் மேடையில நின்னவங்க, 40ஆவது ஆள். அந்த அணிக்கு ஒரு ஆட்டம் கூட ஆடல. மொத்தம் அஞ்சு தடவை ஜவ்வு கிழிஞ்சவங்க அவங்க. கல்லூரியோட ஆட்டம் முடிஞ்சுது.

இதை ஒரு சோகக் கதையா சொல்லி முடிச்சுடலாம்தான். ஆனா அன்னிக்கு அந்தக் கோர்ட்ல இருந்த மத்த முட்டிகளையும் பாருங்க. கடைசி ஷாட் போட்ட சூ பேர்ட்? 1998ல முதல் வருஷம் எட்டே ஆட்டம் ஆடின நிலையில அதே ஜவ்வு கிழிஞ்சு சீசன் முழுக்க உட்கார்ந்தவங்க. எதிரணியில பாயின்ட் கார்டா ஆடின நீல் ஐவி? அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை ஜவ்வு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. ஒரே கோர்ட், ஒரே நாள், மூணு பேர். சூ பேர்ட் 2022 வரைக்கும், 41 வயசு வரைக்கும் ஆடி, நாலு டபிள்யூ.என்.பி.ஏ. கோப்பை, அஞ்சு ஒலிம்பிக் தங்கம் வாங்கினாங்க. ஐவி அஞ்சு சீசன் தொழில்முறையா ஆடினாங்க. ரால்ஃப் பூஜ்யம்.

விதின்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க நம்ம வீட்டுப் பெரியவங்க. பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் வரலாறு தேவைப்படுது.

முதல்ல இந்த ஜவ்வு என்னன்னு பார்த்துடுவோம். தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சேர்ற இடத்துல, மூட்டுக்கு நட்ட நடுவுல, குறுக்கும் நெடுக்குமா ரெண்டு ஜவ்வு இருக்கு. முன்னாடி இருக்கிறதுக்கு ஏ.சி.எல்.னு பேரு. மூணு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், சுண்டு விரல் தடிமன் இருக்கலாம். கீழ் எலும்பு முன்னாடி வழுக்கிப் போகாமலும், முறுக்கிக்காமலும் பிடிச்சு வைக்கிறது இதோட வேலை. நேரா நடக்க இது பெருசா தேவையில்ல. ஓடி வந்து சட்டுனு நிக்கணும், திரும்பணும், குதிச்சு இறங்கணும்னா இது இல்லாம முடியாது. எங்க பாஷையில சொன்னா சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர், பேக்கப் கிடையாது. இன்னொரு கொடுமை, மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல இது நனைஞ்சுக்கிட்டே இருக்கிறதால, கிழிஞ்சா ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்காது. எலும்பு முறிஞ்சா கட்டு போட்டு வச்சா சேர்ந்துடும். இது பெரும்பாலும் சேராது.

இப்போ பாஸ்கெட்பாலுக்கு வருவோம். 1891 டிசம்பர்ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நாய்ஸ்மித்ங்கிற வாத்தியார் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சார். பீச் பழக்கூடை, 13 விதி, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அவர் எப்படி யோசிச்சார்ங்கிறதுதான் சுவாரசியம். குளிர்காலத்துல பசங்களை உள்ளரங்குல ஆட வைக்கணும், அடிபடக் கூடாது. ரக்பியில ஏன் ஆளைப் பிடிச்சுக் கீழே தள்ளுறாங்க? பந்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் ஓடுறான், அதனால. பந்தோட ஓடவே கூடாதுன்னுட்டா? தள்ளவே தேவை இல்ல. ஆக, பந்து கைக்கு வந்தா வந்த இடத்துல நில்லு.

என்ன அழகான லாஜிக். மண்டை உடையிறதைத் தடுத்துட்டார். ஆனா முழு வேகத்துல ஓடி வர்றவன் பந்தைப் பிடிச்சதும் சடன் பிரேக் போடணும்னு சட்டம் போட்டா, அந்த பிரேக் எங்க பிடிக்கும்? முட்டியில. பிரேக் போட்டு, ஒரு காலை ஆணி அடிச்ச மாதிரி வச்சுக்கிட்டு, உடம்பைத் திருப்பணும். அதுக்கு பிவட்னு ஒரு பேரு வேற. ஏ.சி.எல். கிழியிறதுல பெரும்பாலானது யாரும் மோதாம, தானா நிக்கும்போதும் திரும்பும்போதும் இறங்கும்போதும்தான் நடக்குது. அடிபடாம இருக்கணும்னு எழுதின விதிதான் இந்த அடியோட வாசல். (நாய்ஸ்மித் அப்புறம் 1898ல டாக்டர் பட்டமும் வாங்கினார்ங்கிறது கொசுறு. கன்சாஸ் பல்கலைக்கழகத்துல கோச்சா இருந்து, அந்தப் பல்கலைக்கழக வரலாற்றுலயே ஜெயிச்சதை விட அதிகமா தோத்த ஒரே கோச்சும் அவர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவருக்கு இந்த நிலைமை.)

அந்த ஆட்டம் நம்ம ஊருக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாத்தான் வந்துச்சு. ஸ்பிரிங்ஃபீல்ட்ல படிச்ச ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920ல உடற்கல்விக் கல்லூரி ஆரம்பிச்சார், இன்னிக்கும் நந்தனத்துல இருக்கிற அதே கல்லூரி. நம்ம ஸ்கூல் பி.டி. வாத்தியார்கள்ல எத்தனையோ பேர் அங்கேர்ந்து வந்தவங்க. அமெரிக்காவுல மரத் தரை போட்ட அரங்கத்துக்காக யோசிச்ச ஆட்டம், இங்க மண்ணுலயும் அப்புறம் சிமென்ட்லயும் இறங்குச்சு.

சரி, கிழிஞ்ச ஜவ்வை என்ன பண்ணினாங்க? 1895ல இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துல மேயோ ராப்சன்ங்கிற சர்ஜன், சுரங்கத் தொழிலாளி ஒருத்தரோட முட்டியைத் திறந்து ஜவ்வைத் தைச்சுப் பார்த்தார். ஆறு வருஷம் கழிச்சும் அந்த ஆள் நல்லா நடமாடினதா எழுதி வச்சார். முதல் ஆளுங்க எல்லாம் சுரங்கத்துக்காரங்க, சிப்பாய்ங்க. விளையாட்டு அப்புறம்தான் வருது. 1917ல, உலகப் போர் நடுவுல, பிரிஸ்டல்ல ஹே குரோவ்ஸ், தைக்கிறது வேலைக்கு ஆகாதுன்னு தொடைப் பக்கத்துலேர்ந்து ஒரு பட்டையை எடுத்து முட்டிக்குள்ள ஓட்டை போட்டு நுழைச்சு, புது ஜவ்வே கட்டினார். இன்னிக்குப் பண்ற ஆபரேஷனோட அடிப்படை யோசனை இதேதான். கேட்டா ஆச்சரியமா இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஆனா யோசனை இருந்தா போதுமா? முட்டியை முழுசா வெட்டித் திறக்கணும். முடிச்சதும் வாரக்கணக்குல மாவுக்கட்டு. கட்டைப் பிரிச்சா தொடைச் சதை சூம்பிப் போயிருக்கும், முட்டி மடங்காது. நடக்கலாம், ஆட முடியாது. அதனால 1970கள் வரைக்கும் அமெரிக்காவுலயே இந்த அடின்னா ஆட்டம் காலின்னுதான் அர்த்தம்.

மாத்தினது யாருன்னு பார்த்தா, ஜப்பான்காரங்க. 1918ல டோக்கியோவுல கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கிற குழாயை ஒரு இறந்த உடம்போட முட்டிக்குள்ள விட்டுப் பார்த்தார். காசநோய் வந்து முட்டி மடங்காமப் போறவங்களை அவர் பார்த்துக்கிட்டு இருந்தார். தரையில உட்கார்ந்து சாப்பிடுற ஊர்ல முட்டி மடங்கலைன்னா வாழ்க்கையே போச்சு. நமக்கும் புரியிற பிரச்சினை. அவரோட சிஷ்யர் மசாகி வதனபே அந்தக் குழாயைத் திருத்தித் திருத்தி, 21ஆவது மாடல்ல ஜெயிச்சார். (வெர்ஷன் 21! ரிலீஸ் நோட்ஸ் கிடைச்சா படிக்க ஆசை.) 1962 மே 4ஆம் தேதி, உலகத்துலயே முதல் தடவையா, முட்டியைத் திறக்காம அந்தக் குழாய் வழியா கிழிஞ்ச மெனிஸ்கஸோட ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். பேஷன்ட் யாரு தெரியுமா? 17 வயசு பாஸ்கெட்பால் ஆட்டக்காரர். ஆறு வாரத்துல மறுபடி ஆடப் போயாச்சு. 1964 ஒலிம்பிக்ஸ் சமயத்துல டோக்கியோவுல இருந்த கனடா டாக்டர் ராபர்ட் ஜாக்ஸன் இதைக் கத்துக்கிட்டு டொராண்டோவுக்குக் கொண்டு போனார். அங்கேர்ந்துதான் அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு.

மெனிஸ்கஸ்னா ரெண்டு எலும்புக்கும் நடுவுல குஷன் மாதிரி இருக்கிற குருத்தெலும்பு. அந்தக் காலத்துல அதுல சின்னக் கிழிசல்னாலும் முழுசா பிடுங்கிப் போட்டுடுவாங்க. 1948லயே ஃபேர்பேங்க்ங்கிற இங்கிலாந்து டாக்டர், அப்படிப் பிடுங்கின முட்டியில எலும்பு தேய ஆரம்பிக்குதுன்னு எக்ஸ்-ரே வச்சுக் காட்டினார். கேட்டாங்களா? அதுக்கப்புறமும் இருபது முப்பது வருஷம் பிடுங்கினாங்க. மருத்துவத்துலயும் லெகசி கோட் மாத்துறது லேசு இல்ல போல.

1985 மார்ச்ல நியூயார்க் அணியோட பெர்னார்ட் கிங்குக்கு ஜவ்வு போச்சு. அந்த சீசன்ல என்.பி.ஏ.யிலயே அதிக சராசரி, ஆட்டத்துக்கு 32.9 பாயின்ட். முடிஞ்சார்னு எழுதினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தார், 1991ல மறுபடி ஆல்-ஸ்டார். கன்சாஸுக்கு 1988 காலேஜ் கோப்பை வாங்கிக் கொடுத்து முதல் ஆளா டிராஃப்ட் ஆன டேனி மேனிங், 1989 ஜனவரியில, 26 ஆட்டத்துலயே ஜவ்வைக் கிழிச்சுக்கிட்டார். 2003 வரைக்கும் ஆடினார். பத்து வருஷம் முன்னாடி இதே அடி பட்டிருந்தா ரெண்டு பேர் பேரும் இன்னிக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. 1990ல இண்டியானாபோலிஸ்ல ஷெல்போர்ன்ங்கிற சர்ஜன் இன்னொண்ணு கவனிச்சு எழுதினார்: டாக்டர் சொன்னதைக் கேக்காம சீக்கிரமே காலை மடக்கி நடந்த பேஷன்ட்டுங்கதான், சொன்னபடி அசையாம இருந்தவங்களை விட நல்லா இருக்காங்க! மாவுக்கட்டுக் காலம் அதோட ஒழிஞ்சுது.

ஆனா ஜவ்வை மாத்தலாம், குருத்தெலும்பை மாத்த முடியாது. இதுக்கு போர்ட்லேண்ட் அணி ரசிகர்களைக் கேட்டா அழுதுடுவாங்க. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல நாலு வருஷம் ஆடி வந்த பிராண்டன் ராய், 2007ல சிறந்த புதுமுகம், மூணு தடவை ஆல்-ஸ்டார், 2011 டிசம்பர்ல முட்டியில குஷன் தீர்ந்து போச்சுன்னு 27 வயசுல ஓய்வு. அப்புறம் ஒரு தடவை திரும்பி வந்து அஞ்சு ஆட்டம். ஓஹையோ ஸ்டேட்டை 2007 காலேஜ் ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போய் அதுல 25 பாயின்ட் போட்ட கிரெக் ஓடன், கெவின் டுரான்டுக்கும் முன்னாடி முதல் ஆளா அதே போர்ட்லேண்டுக்கு வந்தார். ஒரு ஆட்டம் ஆடுறதுக்கு முன்னாடி, 2007 செப்டம்பர்லயே வலது முட்டியில மைக்ரோஃபிராக்சர் ஆபரேஷன். எலும்புல பொடி ஓட்டை போட்டு, ரத்தம் கசிஞ்சு புதுக் குருத்தெலும்பு மாதிரி ஏதாவது வளருமான்னு பார்க்கிற வைத்தியம். அப்புறம் இடது முட்டியிலயும். மொத்த என்.பி.ஏ. வாழ்க்கை 105 ஆட்டம்.

இவங்க எல்லாம் ஆம்பளைங்க. 1995ல அமெரிக்கக் கல்லூரிகளோட காயக் கணக்கை எடுத்துப் பார்த்த ரெண்டு பேர், அரென்ட்டும் டிக்கும், ஒரு விஷயத்தைச் சொன்னாங்க: ஒரே பாஸ்கெட்பால், ஒரே விதி, ஆனா பொண்ணுங்களுக்கு ஏ.சி.எல். கிழியிறது பசங்களை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இடுப்பு அகலம், ஹார்மோன், ஜவ்வோட அளவுன்னு பல காரணம் சொல்றாங்க. அதுல நம்மால மாத்த முடியிறது ஒண்ணுதான்: குதிச்சு இறங்குற விதம். முட்டியை விறைப்பா வச்சு, உள்பக்கமா சாய்ச்சு இறங்கினா ஆபத்து. மடக்கி, இடுப்பால தாங்கி இறங்கினா பரவாயில்ல. பசங்க சின்ன வயசுலேர்ந்து மரம், சுவர்னு ஏறிக் குதிச்சுப் பழகுறாங்க. பொண்ணு ஏறினா நாம என்ன சொல்றோம்? "இறங்குடி கீழ."

இதை எல்லாம் நான் தேடித் தேடிப் படிச்சதுக்குக் காரணம் அமெரிக்கா இல்ல. எங்க சேக்காட்டுல, எங்க தெருவுல ஒரு அக்கா. பேரு வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம். எங்க ஏரியாவுல பாஸ்கெட்பால்னா அவங்கதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு, ஃபீஸ் கிடையாது. அவங்க அப்பாவுக்கு அந்த ஃபீஸ் எவ்வளவு பெருசுன்னு தெருவுக்கே தெரியும். சென்னையில நல்லா ஆடுற பொண்ணுக்கு ஒரு பாதை உண்டு: இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, போலீஸ், இதுல ஏதாவது ஒண்ணுல விளையாட்டுக்காரரா வேலை. நம்ம சென்னை அனிதா பால்துரை, 19 வயசுல இந்திய அணிக்குக் கேப்டன், குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடி, 2021ல பத்மஸ்ரீ வாங்கினவங்க, சதர்ன் ரயில்வேதான். எங்க அக்கா கண்ணுல இருந்தது அந்தப் பாதை. பதக்கம் எல்லாம் ரெண்டாவது, மாசச் சம்பளம்தான் முதல்.

ரெண்டாவது வருஷம், ஒரு டோர்னமென்ட், சிமென்ட் கோர்ட். ரீபவுண்டுக்குக் குதிச்சு இறங்கினப்போ டப்புனு ஒரு சத்தம். பக்கத்துல நின்ன பொண்ணுக்கே கேட்டுச்சாம். ராத்திரிக்குள்ள முட்டி பந்து மாதிரி வீங்கிடுச்சு. எக்ஸ்-ரே எடுத்தாங்க, எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் எண்ணெய்க் கட்டு. மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது, நடந்தாங்க. சரியாயிடுச்சுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டாவது மாசம் கோர்ட்ல இறங்கினாங்க, திரும்பும்போது கால் வழுக்கி மடிஞ்சுது. மறுபடி ஓய்வு, மறுபடி ஆட்டம், மறுபடி மடிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் உள்ள குஷன் கிழிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு எம்.ஆர்.ஐ. எடுத்தப்போ ஜவ்வே இல்ல, மெனிஸ்கஸ் கந்தல். பேங்க் டிரையலுக்குக் கடிதம் வந்திருந்துச்சு. போகல.

இந்த இடத்துலதான் எனக்கு எரிச்சல் வரும். எக்ஸ்-ரேல ஜவ்வு தெரியாது, எலும்புதான் தெரியும். எம்.ஆர்.ஐ.க்குக் காசு வேணும், ஒத்துக்கிறேன். ஆனா 1976லயே, பிலடெல்ஃபியாவுல டெம்பிள் பல்கலைக்கழகத்துல ஜோசப் டார்க்ங்கிற டாக்டர், தன்னோட வாத்தியார் ஜான் லாக்மன் பேர்ல ஒரு சோதனையை எழுதி வச்சார். பேஷன்ட்டைப் படுக்க வச்சு, முட்டியை லேசா மடக்கி, ஒரு கையால தொடையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கெண்டைக்காலை முன்னாடி இழுக்கணும். நல்ல கால்ல சட்டுனு நிக்கும். ஜவ்வு போன கால்ல நிக்காம வரும். மெஷின் கிடையாது, கரண்ட் கிடையாது, பழகின ரெண்டு கை போதும், ஒரு நிமிஷம். சத்தம் கேட்டுச்சு, சில மணி நேரத்துல வீங்கிடுச்சு, ஊன்ற முடியல, இந்த மூணையும் கேட்டாலே முக்கால்வாசி தெரிஞ்சுடும். இது எதுவும் எங்க அக்காவுக்கு நடக்கல.

ஷே ரால்ஃப் ஆட்டம் முடிஞ்சதுக்கும் எங்க அக்கா ஆட்டம் முடிஞ்சதுக்கும் உள்ள வித்தியாசம் இதான். ரால்ஃபுக்கு உலகத்துல இருந்த எல்லா வைத்தியமும் கிடைச்சு, எல்லாம் பண்ணிப் பார்த்து, உடம்பு ஒத்துக்காம முடிஞ்சுது. நடுவுல ஒரு தேசியக் கோப்பையும் கிடைச்சுது. அக்காவுக்கு 1976க்கு முன்னாடி காலத்து முட்டி அடி. வருஷம்தான் 2000க்கு அப்புறம். ரால்ஃப் கதையை ஒரு நாள் அவங்க கிட்ட சொன்னேன். "அஞ்சு தடவை ஆபரேஷன் பண்ணாங்களா? யாருடா காசு குடுத்தது?"ன்னுதான் முதல் கேள்வி. காலேஜ்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. இப்போ அவங்க ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பாக்கிறாங்க, நல்லாத்தான் இருக்காங்க. ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டுல மட்டும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்குவாங்க.

ரால்ஃப் என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. கோச் ஆனாங்க. 2008லேர்ந்து 2021 வரைக்கும் யூகான்ல ஆரியெம்மாவுக்கு உதவியாளர், அப்புறம் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சா போனாங்க. அன்னிக்கு எதிர்ல ஆடின நீல் ஐவி 2020ல நோட்ர டேமுக்குத் தலைமைக் கோச் ஆனாங்க. ஜவ்வு போன ஆட்டக்காரியை எப்படிப் பார்த்துக்கணும்னு ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

கடைசியா ஒண்ணு. நார்வேயில 13லேர்ந்து 17 வயசுப் பொண்ணுங்க சுமார் 1,900 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி, 2008ல வந்துச்சு. கால்பந்து ஆடுறவங்க. பாதிப் பேருக்கு ஆட்டத்துக்கு முன்னாடி 20 நிமிஷம் தனி வார்ம்-அப்: ஒத்தைக் கால்ல நிக்கிறது, குதிச்சு மெதுவா இறங்குறது, தொடைப் பின்சதைக்கு ஒரு பயிற்சி, ஓடித் திரும்புறது. கருவி எதுவும் வேண்டாம். அந்தக் குழுவுல காயம் மூணுல ஒரு பங்கு போலக் குறைஞ்சுது, பலமான காயம் அதை விட அதிகமாவே குறைஞ்சுது. அந்தப் பயிற்சியோட படம், வீடியோ எல்லாம் ஃபிஃபா 11 பிளஸ்னு தேடினா இலவசமா கிடைக்குது. போன ஞாயித்துக்கிழமை எங்க பக்கத்து கிரவுண்டுல பொண்ணுங்க ஆடுறதை நின்னு பார்த்தேன். ரெண்டு ரவுண்டு ஓட்டம், கையைக் காலை நாலு உதறு, நேரா மேட்ச்.